கூட்டை வெட்டினால் சிறகு முடமாகாது

கதை உங்களுக்குத் தெரிந்ததுதான். ஒருவர் ஒரு கூட்டைப் பார்க்கிறார். உள்ளேயிருந்து ஒரு வண்ணத்துப்பூச்சி சின்ன ஓட்டை வழியாக வெளியே வரப் பார்க்கிறது. மணிக்கணக்காகத் தவிக்கிறது. பார்த்துக்கொண்டிருந்தவருக்கு மனசு கேட்கவில்லை. கத்தரிக்கோலை எடுத்து ஓட்டையைப் பெரிதாக வெட்டிவிடுகிறார். பூச்சி சுலபமாக வந்துவிடுகிறது. ஆனால் உடம்பு வீங்கி, சிறகு சுருங்கிக் கிடக்கிறது. சாகிறவரை அது பறக்கவே இல்லை. ஏனென்றால் அந்தச் சின்ன ஓட்டையில் பிதுங்கி வரும்போதுதான் உடம்பிலிருக்கும் நீர் சிறகுக்குப் போகுமாம். இயற்கையின் ஏற்பாடாம். நீதி: கஷ்டப்படுகிறவருக்கு உதவாதே, உதவினால் அவரைக் கெடுக்கிறாய்.

பள்ளி ஆண்டு விழாவில், வேலைவாய்ப்புப் பயிற்சி வகுப்பில், குடும்ப வாட்ஸ்அப் குழுவில், தன்னம்பிக்கைப் புத்தகத்தின் மூன்றாம் அத்தியாயத்தில் என்று எங்கே போனாலும் இந்தப் பூச்சி நம்மைத் துரத்துகிறது. நம் கவிஞர்களையும் விடவில்லை. "கூட்டை உடைத்து வா" என்று வண்ணத்துப்பூச்சியைக் கூப்பிடாத முதல் தொகுப்பு அபூர்வம்.

இந்தக் கதை பொய். ஏதோ ஒரு விவரம் பிசகியிருக்கிறது என்று சொல்லவில்லை. தலை முதல் கால் வரை பொய். அது பொய் என்பதைவிட, அந்தப் பொய்யால் யாருக்கு லாபம் என்பதுதான் எனக்கு முக்கியம். அதற்கு முதலில் பூச்சியை ஒழுங்காகப் பார்க்க வேண்டும். கொஞ்சம் பொறுமையாக வாங்க.

இல்லாத கூடு

வண்ணத்துப்பூச்சி கூடு கட்டுவதில்லை. ஒருசில விதிவிலக்குகள் உண்டு. குளிர்மலைகளில் வாழும் சில இனங்கள் மெல்லிய நூல்வலை பின்னும். இலையைச் சுருட்டித் தைத்து அதற்குள் உருமாறும் சிறிய வகைகளும் இருக்கின்றன. மற்றபடி நாம் தினம் பார்க்கும் வண்ணத்துப்பூச்சி எதற்கும் கூடு கிடையாது. சந்தேகமிருந்தால் வீட்டுக் கறிவேப்பிலைச் செடியைப் பாருங்கள். பறவை எச்சம் போலத் தொடங்கிப் பச்சையாக மாறும் அந்தப் புழு, வளர்ந்து முடிந்ததும் ஒரு தண்டைத் தேர்ந்தெடுத்து, இடுப்பைச் சுற்றி ஒற்றை நூல் கட்டிச் சாய்ந்துகொள்ளும். பிறகு கடைசித் தோலை உரிக்கும். உள்ளே ஏற்கெனவே தயாராக இருக்கும் இன்னொரு தோல் வெளியில் தெரியும், காற்றுப் பட்டு இறுகும். அவ்வளவுதான். எருக்கஞ்செடியில் தலைகீழாகத் தொங்குவதும் அப்படித்தான். அது பூச்சி போட்டுக்கொண்ட சட்டை இல்லை, பூச்சியின் உடம்பே.

குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். தமிழில் இந்தப் பருவத்துக்கே கூட்டுப்புழு என்று பெயர். கூடே இல்லாத வண்ணத்துப்பூச்சிக்கும் கூட்டுப்புழுப் பருவம் என்றுதான் பாடப்புத்தகத்தில் படிக்கிறோம். பட்டாம்பூச்சி என்று சொல்லும்போது காதில் பட்டும் சேர்ந்து ஒலிக்கிறது. உண்மையில் பட்டு நூற்றுக் கூடு கட்டும் பெருங்கூட்டம் அந்துப்பூச்சிகள். ராத்திரி விளக்கைச் சுற்றும், சாம்பல் நிறத்தில் இருக்கும், யாரும் கவிதை எழுதாத அந்துப்பூச்சிகள். உழைப்பு அவர்களுடையது, பெயர் இவர்களுக்கு. இந்த ஒரு விவரத்தை வைத்தே தனியாக ஒரு கட்டுரை எழுதலாம்.

வண்ணத்துப்பூச்சி வெளியே வரும் நேரத்தில் அந்த ஓடு முதுகுப் பக்கம் பிளக்கிறது. பல இனங்களில் இரண்டு மூன்று நிமிடங்களில் ஆள் வெளியே வந்துவிடும். மணிக்கணக்கான போராட்டம் எதுவும் கிடையாது. நசுங்கிப் போன துணிப்பை மாதிரி சிறகு தொங்கும். காலியான ஓட்டையோ பக்கத்துக் குச்சியையோ பிடித்துக்கொண்டு அது தொங்கும். வயிற்றைச் சுருக்கிச் சுருக்கி உடல்நீரைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்தும். அரை மணி, ஒரு மணி நேரத்தில் சிறகு விரியும். விரிந்த சிறகு காய்ந்து விறைக்க இன்னும் கொஞ்ச நேரம். மிச்சமான திரவம் சொட்டாகக் கீழே விழும்.

வரிசையைக் கவனியுங்கள். சிறகுக்கு நீர் போவது வெளியே வந்த பிறகு. கதையில் சொல்வதுபோல ஓட்டையில் பிதுங்கும்போதே சிறகு விரிந்தால் அந்தப் பூச்சி வெளியே வரவே முடியாது, விரித்த குடையோடு பஸ்ஸில் ஏறுகிற மாதிரி மாட்டிக்கொள்ளும்.

நாள் முழுக்க வெட்டுகிறார்கள்

"சரி, வண்ணத்துப்பூச்சியை விடுங்க. அந்துப்பூச்சிக்குக் கூடு இருக்கே, அதை வெட்டினா?" நியாயமான கேள்வி. பதிலுக்கு ஆய்வகம்வரை போக வேண்டாம், பட்டு வித்தகத்துக்குப் போனால் போதும்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டம். வீட்டில் ஒரு ஏக்கர் மல்பெரி. பட்டுப்புழு வளர்ப்பவர்கள் முட்டையைத் தாங்களே எடுத்துக்கொள்வதில்லை. நோயற்ற முட்டைத் தொகுதிகளை வித்தகங்கள் தயாரிக்கின்றன. ஒரு இனத்தின் ஆணையும் இன்னொரு இனத்தின் பெண்ணையும் சேர்த்தால்தான் கலப்பின முட்டை கிடைக்கும். அதனால் பூச்சி வெளியே வந்து தன் இனத்தோடு சேர்வதற்கு முன்பே ஆண் பெண் பிரித்துவிட வேண்டும். எப்படிப் பிரிப்பது? கூட்டின் ஒரு முனையை பிளேடால் சீவி, உள்ளே இருக்கும் கூட்டுப்புழுவை வெளியே எடுத்து, வயிற்றின் கடைசி வளையங்களைப் பார்ப்பார்கள். பெண்ணுக்குப் பெருக்கல் குறி மாதிரி மெல்லிய கோடு. ஆணுக்கு ஒரு புள்ளி. தனித்தனித் தட்டில் பரப்பி வைப்பார்கள். சில நாளில் பூச்சிகள் வந்துவிடும். கூடு இல்லாமலே. நல்ல சிறகோடு. அவை இணை சேர்ந்து, ஒரு பெண்பூச்சி 400, 500 முட்டை இடும். அந்த முட்டையிலிருந்து வந்த புழுதான் எங்கள் வீட்டுக்கு வரும்.

எங்கள் அத்தை கொஞ்ச வருஷம் அந்த வேலைக்குக் கூலிக்குப் போனார். இந்தக் கதையை ஒருமுறை அவரிடம் சொன்னபோது கேட்டார்: "கூட்டை வெட்டுனா பூச்சி முடமாயிடும்னு எவன் சொன்னான்? நாங்க நாள் முழுக்க அதைத்தானே வெட்டுறோம்? அப்படின்னா நம்ம ஊர்ல ஒரு புழுவும் இருக்காதே?"

உடனே ஒரு மறுப்பு வரும். பட்டு அந்துப்பூச்சிதான் எப்படியும் பறக்காதே, அப்புறம் அதன் சிறகு நன்றாக இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன? உண்மை, அது பறக்காது. ஆயிரக்கணக்கான வருஷம் மனிதன் கையில் வளர்ந்து பறக்கும் திறனை இழந்துவிட்டது. ஓட்டை போட்டுக்கொண்டு தானாக வந்த பூச்சியும் பறக்காது, பிளேடு சீவி வந்த பூச்சியும் பறக்காது. ஆனால் இரண்டுக்கும் சிறகு ஒரே மாதிரி விரியும்.

பறக்கும் பூச்சிதான் வேண்டுமென்றால், எள்ளுக் காட்டுக்கு வாருங்கள். எள்ளுச் செடியைத் தின்னும், வாலில் கொம்பு வைத்த, விரலைவிடத் தடித்த ஒரு புழுவைப் பார்த்திருப்பீர்கள். அது பட்டுக்கூடு கட்டுவதில்லை. மண்ணுக்குள் இறங்கி ஒரு சின்ன அறை செய்துகொண்டு வெறும் உடம்போடு உருமாறுகிறது. வெளியே வந்தால் முதுகில் மண்டை ஓடு போல அடையாளம் வைத்த பெரிய அந்துப்பூச்சி. ராத்திரியில் தேன்கூட்டுக்குள் புகுந்து தேன் திருடும். பூச்சிகளில் வேகமாகப் பறக்கும் குடும்பங்களில் ஒன்று அதன் குடும்பம். ஓட்டையில் பிதுங்கினால்தான் பறக்க முடியும் என்றால் இது எப்படிப் பறக்கிறது?

கூட்டைக் கிழித்துக்கொண்டுதான் வருகிறதா என்றால் பட்டு அந்துப்பூச்சி அதையும் செய்வதில்லை. பட்டு நூலின் மேல் ஒரு பசை இருக்கிறது, செரிசின். பூச்சி வாயிலிருந்து ஒரு திரவத்தை விட்டு அந்தப் பசையைக் கரைத்து, நூல்களை இளக்கி, விலக்கிக்கொண்டு தலையை நீட்டுகிறது. இந்த வகைப் பூச்சிகளின் நொதியை 1964-ல் ஃபோட்டிஸ் கஃபாடோஸும் கரோல் வில்லியம்ஸும் ஆராய்ந்து எழுதினார்கள். கொக்கூனேஸ் என்று அதற்குப் பெயர். அதாவது கதவைத் திறக்கும் சாவியைப் பூச்சி வாயிலேயே வைத்திருக்கிறது. சாவி கொடுத்து அனுப்பிய இயற்கையைப் பற்றித்தான், சுவரில் முட்டி மோதினால் பலம் வரும் என்று நினைக்கும் வாத்தியார் போலக் கதை கட்டியிருக்கிறார்கள்.

அப்படியானால் கூடு எதற்கு? சுவர். நகரவோ ஓடவோ முடியாத சில வாரங்களுக்கு எறும்பு, பறவை, வெயில், ஈரம், கிருமி எல்லாவற்றிலிருந்தும் காப்பாற்றும் சுவர். உருமாறி முடிவதற்கு முன்பே கூட்டைப் பிரித்துப் புழுவை நசுக்கினாலோ காயவிட்டாலோ அது சாகும்தான். அது சுவரை இடித்ததால் வரும் சாவு. போராட்டம் போதாததால் வருவதில்லை.

கதை எங்கிருந்து வந்தது

இதன் பழைய வடிவம் ஒன்று 1925-ல் அமெரிக்காவில் வெளியான ஒரு பக்தி நூலில் இருக்கிறது. அதில் வருவது வண்ணத்துப்பூச்சி இல்லை, குடுவை மாதிரி கூடு கட்டும் ஐரோப்பிய அந்துப்பூச்சி ஒன்று. அந்தப் பூச்சியின் கூட்டுக்கு உண்மையிலேயே குறுகிய கழுத்து உண்டு. உள்ளிருந்து வெளியே தள்ளினால் திறக்கும், வெளியிலிருந்து உள்ளே நுழைய முடியாது. மீன் பிடிக்கும் கூடையின் வாய் மாதிரி, ஆனால் எதிர்த்திசையில். எதிரியை நிறுத்தும் பூட்டு அது. அதைப் போய் உடற்பயிற்சிக் கூடமாக்கி, துன்பத்தை ஆண்டவன் ஒரு காரணத்தோடுதான் தருகிறான் என்று அந்த நூல் ஆறுதல் சொன்னது. துக்கத்தில் இருப்பவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் ஆறுதலாக அது இருந்தவரை எனக்குச் சண்டை இல்லை.

1946-ல் வந்த கசான்ட்சாகிஸின் 'சோர்பா' நாவலிலும் ஒரு கூடு வருகிறது. அங்கே கதைசொல்லி மூச்சுக்காற்றால் சூடேற்றி, பூச்சியை அவசரப்படுத்தி வெளியே கொண்டுவந்து, அது சாவதைப் பார்க்கிறான். தன் பொறுமையின்மையை நினைத்துக் குமைகிறான். உதவி கேட்டு யாரும் அவனிடம் வரவில்லை. அவன் செய்ததும் உதவி இல்லை.

இந்த இரண்டுக்கும் பிறகு கதை மேடை ஏறியது. அந்து போய் வண்ணம் வந்தது. கடவுளும் போனார். ஆறுதலாக இருந்த இடத்தில் எச்சரிக்கை வந்து உட்கார்ந்தது: உதவாதே. கஷ்டப்படுகிறவர் தனக்குச் சொல்லிக்கொண்ட வார்த்தையை, கஷ்டத்தைத் தீர்க்கக்கூடிய இடத்தில் இருப்பவர் வாங்கிக்கொண்டார். என் கோபம் இந்தக் கைமாற்றத்தின் மேல்தான்.

கல்லூரி இரண்டாம் ஆண்டில் என் விடுதித் தோழி ஒருத்தி, கட்டணத்தை மூன்று தவணையாகக் கட்ட அனுமதி கேட்டு எழுதிக் கொடுத்தாள். தள்ளுபடி கேட்கவில்லை. கடன் கேட்கவில்லை. மூன்று தவணை. நிர்வாகத்தில் ஒருவர் அவளைக் கூப்பிட்டு, துணைக்குப் போன எங்களையும் நிற்கவைத்துக்கொண்டு, இந்தக் கதையை முழுசாகச் சொன்னார். "இப்ப நான் உனக்கு உதவி பண்ணினா உன் சிறகை நானே வெட்டுன மாதிரி ஆயிடும்மா."

"சார், வண்ணத்துப்பூச்சிக்குக் கூடே கிடையாது சார்" என்றேன்.

"உதாரணத்துக்குச் சொன்னேம்மா" என்றார், சிரித்துக்கொண்டே.

அவள் அடுத்த பருவத்துக்கு வரவில்லை. இன்று வேறு ஊரில் ஒரு துணிக்கடையில் நின்றுகொண்டே வேலை பார்க்கிறாள். அவளுக்கு என்ன பலம் வந்தது என்று அந்த உதாரணத்தைச் சொன்னவர் யாரும் போய்ப் பார்க்கவில்லை. இந்தக் கதையின் வசதியே அதுதான். சிறகு விரிந்தால் போராட்டத்தின் பலன். விரியாவிட்டால் போராட்டம் போதவில்லை. சொன்னவர் மேல் எந்தப் பக்கத்திலிருந்தும் ஒரு தூசி விழாது.

இலை

உள்ளே என்னதான் நடக்கிறது? பட்டுப்புழு சந்திரிகையில் ஏறியதும் தலையை எட்டுப் போட்டுக்கொண்டே இரண்டு மூன்று நாள் நூற்கிறது. நல்ல வெண்கூடு என்றால் 1,000 மீட்டருக்கு மேல் ஒரே நூல். நூற்று முடித்து, உள்ளே தோல் உரித்துக் கூட்டுப்புழுவாகிறது. புழுவாக இருந்தபோது வேண்டியிருந்த தசைகள், பட்டுச் சுரப்பி எல்லாம் கரைகின்றன. புழு சிறியதாக இருக்கும்போதே உடம்புக்குள் ஒதுங்கிக் கிடந்த செல் கூட்டங்கள் அந்தக் கரைசலை உணவாகக் கொண்டு சிறகாகவும் காலாகவும் கண்ணாகவும் வளர்கின்றன. சிறகின் தொடக்கம் புழுவின் தோலுக்கடியில் இருப்பதை 17-ஆம் நூற்றாண்டிலேயே டச்சுக்காரர் யான் ஸ்வாமர்டாம் அறுத்துக் காட்டிவிட்டார்.

இதில் மன உறுதிக்கு வேலை இல்லை. எப்போது உருமாற வேண்டும் என்பதை ஹார்மோன்கள் தீர்மானிக்கின்றன. அதில் ஒன்றான எக்டைசோனை 1954-ல் புட்டெனான்ட், கார்ல்சன் என்ற இரண்டு ஜெர்மானியர்கள் பிரித்தெடுத்தார்கள். அதற்காக அவர்கள் அரைத்த பட்டுக் கூட்டுப்புழு 500 கிலோ. கிடைத்தது 25 மில்லிகிராம். தன்னம்பிக்கை ஒரு மில்லிகிராம்கூடக் கிடைத்ததாகத் தகவல் இல்லை.

கூட்டுக்குள் போன பிறகு அது ஒரு கவளம் சாப்பிடுவதில்லை. வெளியே வந்த பட்டு அந்துப்பூச்சிக்குச் சாப்பிடும் வாயே கிடையாது. அதன் சிறகு, முட்டை, வெளியே வாழப்போகும் ஒரு வார ஆயுள் எல்லாமே புழுவாக இருந்தபோது தின்ற இலை. சுமார் 25 நாளில் அதன் எடை 10,000 மடங்கு ஏறுகிறது. மொத்தத் தீனியில் ஐந்தில் நாலு பங்கு கடைசித் தோலுரிப்புக்குப் பிறகான அந்த ஒரு வாரத்தில். அந்த வாரம் எங்கள் வீட்டில் யாரும் ஒழுங்காகத் தூங்குவதில்லை. ராத்திரி எழுந்து இலை போட வேண்டும். புழு தின்னும் சத்தம் ஓட்டு வீட்டின் மேல் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அந்த வாரம் இலை குறைந்தால் கூடு சப்பையாக இருக்கும். அப்புறம் அது உள்ளே எவ்வளவு போராடினாலும் ஒன்றும் ஆகப்போவதில்லை.

இத்தனை வருஷத்தில், இலை போட்டால் புழு சோம்பேறியாகிவிடும் என்று சொன்ன ஒரு பட்டு விவசாயியை நான் பார்த்ததில்லை.

ஆனால் பிள்ளைகளுக்கு இலை போடும்போது மட்டும் நம் ஊரில் பலருக்கும் அந்தப் பயம் வந்துவிடுகிறது. 1982-ல் சத்துணவு விரிவானபோது சோறு போட்டுக் கெடுக்கிறார்கள் என்றார்கள். 2022-ல் அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் என்றபோது இலவசம் என்றார்கள். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீதம் என்றபோது தகுதி என்றார்கள். இதைச் சொன்னவர்கள் வீட்டுப் பிள்ளைகள் பசித்துப் படித்தவர்களா? டியூஷன், தனி அறை, ஆங்கிலம் பேசும் அம்மா, ஒரு போனில் இன்டர்ன்ஷிப் வாங்கித் தரும் மாமா. அவர்களுக்கு ஐந்து வேளையும் இலை விழுந்துகொண்டிருந்தது. அதற்குப் பெயர் உதவி என்று யாரும் சொல்வதில்லை, வளர்ப்பு என்கிறார்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. கூட்டுக்குள் போனால் பழசெல்லாம் அழிந்து புதுப் பிறவி எடுக்கலாம் என்று ஒரு துணைக்கதை சொல்வார்கள். பழைய ஊரை, பேச்சை, சாப்பாட்டை விட்டுவிட்டு வா என்பதை நாகரிகமாகச் சொல்லும் விதம் அது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், புகையிலைச் செடியைத் தின்னும் ஒரு புழுவுக்கு ஒரு வாசனையைக் காட்டி மின்னதிர்ச்சி கொடுத்துப் பழக்கினார்கள். கடைசிப் பருவத்தில் பழகிய புழுக்கள், அந்துப்பூச்சியாக வந்த பிறகும் அந்த வாசனையைக் கண்டு விலகின. உடம்பே கரைந்து மாறினாலும் பட்ட அடி ஞாபகமிருக்கிறது. நம்மை மட்டும் ஏன் மறக்கச் சொல்கிறார்கள்?

யாருக்கு நூல்

பொறுமையாகக் கூட்டுக்குள் இரு, நேரம் வரும் என்று சொல்கிறவர்கள் ஒருமுறை பட்டுக்கூடு அங்காடிக்குப் போய்வர வேண்டும். தர்மபுரிக்குப் போகலாம், ராமநகரத்துக்குப் போகலாம். விவசாயிகள் கூட்டைக் குவித்து வைத்துக்கொண்டு ஏலத்துக்குக் காத்திருப்பார்கள். எல்லோருக்கும் அவசரம். ஏனென்றால் பூச்சி வெளியே வந்துவிட்டால் கூட்டில் ஓட்டை. ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து ஒரே நூலாக இழுக்க முடியாது, விலை போய்விடும். வாங்கியவர் சூடான காற்றில் கூட்டை உலர்த்துகிறார். உள்ளே இருப்பது அதோடு சரி. பிறகு வெந்நீரில் போட்டு நூல் எடுக்கிறார்கள். வித்துக்காக ஒதுக்கிய கொஞ்சத்தைத் தவிர, பட்டுத் தொழிலில் கூட்டுக்குள் போன எதுவும் வெளியே வருவதில்லை.

எங்கள் வீட்டுக் கடன் அடைந்ததும் இந்தக் கூட்டில்தான். அதனால் பட்டு கட்டாதீர்கள் என்று உபதேசம் செய்ய வரவில்லை. பட்டு கட்டிக்கொண்டு மேடையில் நின்று கூட்டின் பொறுமையைப் பாடமாக எடுக்காதீர்கள் என்கிறேன். உள்ளே இருப்பது பொறுமையாக இருந்தால் நூல் வெளியே இருப்பவருக்கு. ஆறு மாதம் சம்பளமில்லாப் பயிற்சி, ஒரு வருஷம் "பார்க்கலாம்", ஒப்பந்தம் முடிகிற தேதியில் இன்னொரு ஒப்பந்தம் என்று இருக்கும் என் வயதுக்காரர்கள் இதைப் புரிந்துகொள்ள ராமநகரம்வரைகூடப் போகவேண்டியதில்லை.

வெளியே வந்ததெல்லாம் வெற்றிக்கதையும் இல்லை. ஊசி ஈ என்று ஒன்று இருக்கிறது. புழுவின் மேல் முட்டை வைக்கும். அந்த ஈயின் புழு உள்ளேயிருந்து தின்று வளர்ந்து கூட்டைத் துளைத்துக்கொண்டு வரும். தூரத்திலிருந்து பார்த்தால் அதுவும் ஓட்டைதான், அதுவும் போராடி வந்ததுதான். "நான் கஷ்டப்பட்டு வந்தேன்" என்று யாராவது சொன்னால், எதைத் தின்று வந்தார் என்றும் கேட்டுக்கொள்வது நல்லது.

உதாரணம்தானே

கடைசியாக நம் ஆட்களிடம் வருகிறேன், எழுதுகிறவர்களிடம். "கவிதையில போய் விலங்கியல் பார்ப்பியா?" என்று ஒரு நண்பர் கேட்டார். பார்ப்பேன். நம் சங்கக் கவிஞர்கள் பார்த்தார்கள். எந்த நிலத்தில் எந்தப் பூ, எந்தப் பறவை, எந்தப் பொழுது என்பதை வைத்தே மனசைச் சொன்ன மரபு இது. கருப்பொருள் தப்பினால் உரிப்பொருளும் தப்பும் என்பது நமக்குப் புதுப் பாடம் இல்லை.

பழைய பிழைக்கும் ஒரு உதாரணம் உண்டு. குளவி ஒரு புழுவைத் தூக்கிவந்து மண்கூட்டில் அடைத்து, கொட்டிக் கொட்டி அதையும் குளவியாக்கிவிடும் என்று நம்பினார்கள். குரு சீடனை ஆக்குவதற்கு அதை உவமை சொன்னார்கள். வீட்டில் அடி வாங்கிய பிள்ளைகளுக்கும் அதைத்தான் சொன்னார்கள். நடப்பது என்ன? குளவி புழுவைக் கொட்டி மரக்கச் செய்து அடைக்கிறது. கூடவே தன் முட்டையை வைக்கிறது. முட்டையிலிருந்து வந்த குளவிக்குஞ்சு அந்தப் புழுவை உயிரோடு தின்று வளர்ந்து வெளியே பறக்கிறது. உள்ளே போனது வேறு, வெளியே வந்தது வேறு. உவமை அழகாக இருந்ததால் இத்தனை காலம் யாரும் கூட்டுக்குள் எட்டிப் பார்க்கவில்லை. தின்றவனை ஆசிரியன் என்றும், தின்னப்பட்டவனை மாணவன் என்றும் சொல்லிக்கொண்டிருந்தோம்.

தப்பான உவமை வெறும் தப்போடு நிற்பதில்லை. அதற்குள் ஒருவர் ஒளிந்துகொள்ள இடம் கிடைக்கிறது. அதனால்தான் "உதாரணத்துக்குச் சொன்னேன்" என்ற பதிலை நான் ஏற்பதில்லை. உதாரணம் பொய்யென்றால் அதை வைத்து எடுத்த முடிவு எதன் மேல் நிற்கிறது?

அப்போ உழைப்பே வேண்டாமா என்று கேட்பீர்கள். 1,000 மீட்டர் நூல் நூற்ற ஒன்றிடம் போய் உழைப்பைப் பற்றிப் பேச எனக்கு வெட்கமாக இருக்கிறது. கஷ்டத்தில் இரண்டு வகை உண்டு, அவ்வளவுதான். கணக்கு கஷ்டம், இன்னொரு மொழி கஷ்டம், நல்ல வாக்கியம் எழுதுவது கஷ்டம். இவை அந்தந்த வேலைக்குள்ளேயே இருக்கும் கஷ்டங்கள், யாரும் யாருக்காகவும் பட்டுக் கொடுக்க முடியாது. கட்டணத்தை ஒரே தவணையில் கட்டு என்பது அப்படி இல்லை. அது ஒருவர் மேஜையில் உட்கார்ந்து போட்ட கஷ்டம். ஒரு கையெழுத்தில் போகும். முதல் வகைக் கஷ்டத்தைக் காட்டி இரண்டாம் வகையை நியாயப்படுத்துவதுதான் இந்தக் கதை செய்யும் வேலை.

சிறகு விரியாத பூச்சிகள் உண்மையிலேயே இருக்கின்றன. நோயால் ஆகும். காற்றில் ஈரமில்லாவிட்டால் ஆகும். பெரும்பாலும் நடப்பது இன்னும் எளிமையானது: வெளியே வந்த பூச்சிக்கு ஏறித் தொங்க எதுவும் கிடைப்பதில்லை. வழுவழுப்பான டப்பாவுக்குள் வளர்த்தால் அது ஏறப் பார்த்து விழும், மறுபடி ஏறும், விழும். அதற்குள் சிறகு மடிந்தபடியே காய்ந்துவிடும். பூச்சி வளர்க்கிறவர்கள் டப்பாவுக்குள் ஒரு குச்சியைச் சாய்த்து வைப்பது அதனால்தான். சொரசொரப்பான ஒரு குச்சி, சிறகு முழுசாகத் தொங்கும் அளவுக்கு இடம், ஒரு மணி நேரம் யாரும் தொடாமல் இருப்பது.

அடுத்த முறை யாராவது உங்களை நிற்கவைத்து வண்ணத்துப்பூச்சிக் கதையைத் தொடங்கினால், முடிக்கும்வரை மரியாதையாகக் கேளுங்கள். பிறகு இரண்டு கேள்வி போதும். இலை யார் போட்டாங்க? குச்சி எங்கே?